பதினேழின் பின்னங்கால்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணபிரானின் வீட்டில் எலிப்பொறிகள் இரண்டு இருந்தன. அடுக்களை மேடைக்கு அடியில் ஒன்று, அரிசி மூட்டை ஓரத்தில் ஒன்று. அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான், எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதத்தில், புது மருமகள் அரவிந்தவல்லி ஒரு கம்பிக் கூண்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தாள். கூண்டுக்குள் ஒரு வெள்ளை எலி. சிவந்த கண்கள். வாலில் மஞ்சள் சாயத்தில் இரண்டு கோடுகள்.

"இதுக்குப் பேரு பதினேழு" என்றாள்.

கண்ணபிரானின் அப்பா சாரங்கபாணி ஓய்வு பெற்ற தபால்காரர். மருமகளைப் பார்த்தார், எலியைப் பார்த்தார். ஆரத்தித் தட்டு உள்ளே போனதும் தானும் உள்ளே போனார். இரண்டு பொறிகளிலும் இருந்த தேங்காய்ச் சில்லைக் கழற்றி எறிந்துவிட்டு அவற்றைப் பரணில் தூக்கிப் போட்டார்.

"ஒரே வீட்டுல ஒரு எலிக்குச் சோறும் இன்னொரு எலிக்குப் பொறியும்னா அது என்னலே நியாயம்?" என்று மகனிடம் தனியாகக் கேட்டார். மனைவி இறந்த பிறகு அவர் மகனிடம் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

அரவிந்தவல்லி மதுரையில் விலங்கியல் படித்தவள். கடைசி வருஷச் செய்முறைத் தேர்வுக்கு எலிகளை எண் போட்டு வைத்திருந்தார்கள். பதினாறு மாணவிகள், பதினாறு எலிகள், பதினாறு கத்திகள். பதினேழாவது மிஞ்சியது. அதை அவள் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறியபோது, ஆய்வுக்கூட உதவியாளர் வில்சன் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதில் மும்முரமாக இருந்தாராம். இதைக்கூடக் கண்ணபிரானிடம் அவள் நேரில் சொல்லவில்லை. எலியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டான்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் தன் மனைவியைப் பற்றி அவன் அறிந்து வைத்திருந்தான். அவனிடம் அவள் பேசுவது "சரி", "ம்", "எலை போடவா" என்ற அளவில் நின்றது. கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நல்ல மனிதரிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டாள். எலியிடம் மட்டும் சிரித்தாள், வம்பளந்தாள், கடிந்தாள். கண்ணபிரான் அந்த எலியை ஒருநாளும் தொட்டதில்லை. பயம். அதை அவளிடம் சொல்லவும் பயம்.

ஐப்பசியில் அவள் அண்ணன் மகளுக்குத் திருமங்கலத்தில் காது குத்து. கிளம்பும்போது சொன்னாள்: "தினம் பழைய பேப்பரக் கிழிச்சுப் போட்டு மாத்துங்க. கொஞ்சம் தானியம், தண்ணி. வேற ஒண்ணும் பண்ண வேணாம். வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டில வந்துர்றேன்."

வேற ஒன்றும் பண்ண வேண்டாம் என்று ஒரு புதுக் கணவனிடம் சொல்லலாமா? இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் மேற்பார்வையாளன் அவன். நாள் முழுக்க வெளுத்த காஸ் துணி நடுவிலேயே நின்று வேலை பார்ப்பவன். ஆஸ்பத்திரியில் மனிதர்களின் புண் மேல் வைக்கிற துணி, அதைவிட மெத்தென்று உலகத்தில் என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை, கத்தரித்து ஒதுக்கிய ஓரங்களில் ஒரு பை நிறையக் கேட்டு வாங்கி வந்தான். பழைய செய்தித்தாளை எல்லாம் குச்சியால் தள்ளி எடுத்தான். மேகத்தைப் பிய்த்துப் போட்டதுபோலக் கூண்டு நிறைந்தது. பதினேழு அதற்குள் நுழைந்து சுழன்று குழி பறித்துக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. கூண்டைப் பார்த்ததும் அரவிந்தவல்லியின் முகம் எப்படி மாறும் என்று அவன் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தான். "இதை யாரு போட்டா?" என்பாள். "நான்தான்" என்பான். அதற்கு மேல் அவனுக்குக் கற்பனை ஓடவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தானியத்தோடு போனவன், கூண்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

முந்தின நாள் போட்ட கம்பு அப்படியே கிடந்தது. எலி ஒரு மூலையில் பந்துபோலக் குறுகி உட்கார்ந்திருந்தது. மயிர் எல்லாம் சிலிர்த்து நின்றது. கண்களைச் சுற்றியும் மூக்கு நுனியிலும் ரத்தம்.

"அப்பா!"

சாரங்கபாணி கோயிலுக்குக் கிளம்பியவர் திருமண் காப்போடு குனிந்து பார்த்தார். "சொகமில்ல போலருக்கே."

"மருந்து வச்சிட்டாங்கப்பா. கண்ணு வழியா ரத்தம் வருது பாருங்க. வேல்சாமி அண்ணாச்சி போன வாரம் குழாயடில என்ன சொன்னாரு? எலி மருந்து வச்சிருக்கேன், கோழிய விடாதீயன்னு சொல்லல?"

"எலே, முப்பது வருசமா எலி சாகுறதப் பாத்திருக்கேன். மருந்து தின்ன எலி இப்படிக் குத்த வச்சு உக்காராது. தண்ணியத் தேடி ஓடும். இது வேற என்னமோ. செத்த நேரம் பொறு."

பொறுக்க அவனால் முடியவில்லை. மாலை வண்டிக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம்தான். வெளியே வந்து, பக்கத்து வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த வேல்சாமியின் முன் போய் நின்றான். வேல்சாமி கடலை வியாபாரம். வீட்டிலேயே மூட்டைகள் கிடக்கும்.

"அண்ணாச்சி, எங்க எலிக்கு ஏன் மருந்து வச்சீய?"

வேல்சாமி வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார். "ஒம்ம எலி எங்க இருக்கு?"

"கூண்டுல."

"என் மருந்து எங்க இருக்கு? என் வீட்டு மூட்டைக்கு அடில. ரெண்டும் எங்கவே சந்திச்சுக்கிட்டது?"

"நீங்க சன்னல் வழியா எறிஞ்சிருப்பீய. ஒங்களுக்கு எங்க வீட்ல எலி வளக்குறது பிடிக்கல. எல்லாருக்கும் தெரியும்."

"ஆமா, பிடிக்கலதான். ஒங்கப்பா பொறியத் தூக்கிப் பரண்ல போட்டதுல இருந்து ஊரு எலி அம்புட்டும் எங்க வீட்லதான் வந்து படுத்துக்கெடக்கு. பிடிக்குமா? அதுக்காகக் கூண்டுல கெடக்குற வாயில்லாச் சீவனுக்கு மருந்து போடுற ஆளா நான்?" அவர் குரல் உயர்ந்தது. "அடுத்த வீட்ல இருபத்தஞ்சு வருசமா இருக்கேன். நீ மூக்கொழுகுன காலத்துல இருந்து பாக்கேன். கொலகாரன்னு சொல்லிட்டேல்ல? இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன. கண்ணபிரான் திரும்பி வந்தான். கூண்டை ஒரு பெரிய மஞ்சள் பைக்குள் வைத்து, மழைக்குப் பாலிதீன் தாளைச் சுற்றிக்கொண்டு, இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினான். கம்பெனிக்குக் காய்ச்சல் என்று ஒரு ஆள் வழியாகச் சொல்லி அனுப்பினான். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பையைத் திறந்து பார்த்தான். பக்கத்தில் நின்றவர், பாம்பு ஏதும் இருக்குமோ என்று பின்பக்கப் படிக்கட்டுக்கு நகர்ந்துகொண்டார்.

மாட்டாஸ்பத்திரியில் அன்று கூட்டம். பசுக்கள், ஆடுகள், சங்கிலியோடு நாலைந்து நாய்கள். எல்லாம் அந்த ஊர்ச் சாதி, வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பாக. வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டினான். பதிவேட்டை வைத்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்னது இது?"

"எலி சார்."

"எலின்னு தெரியுது. எதுக்கு இங்க கொண்டாந்தீரு?"

"முடியல சார் அதுக்கு."

அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாரும். மாடு, எருமை, ஆடு, நாய், கோழி. எலிக்குக் கட்டமே கிடையாது. நான் எதுல எழுத?"

"ஏய், நாயெல்லாம் இறுக்கிப் பிடிங்கப்பா, பலகாரம் வந்திருக்கு!" என்றான் சங்கிலியோடு நின்றவர்களில் ஒருவன். வரிசையே சிரித்தது. ஒரு நாய் உண்மையாகவே பையை நோக்கி மூக்கை நீட்ட, கண்ணபிரான் பையை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. முப்பது வயது ஆம்பளை மாட்டாஸ்பத்திரியில் நின்று அழுதால் நன்றாக இருக்காது.

கொட்டகையில் இருந்து உதவியாளர் ஒருவர் வெளியே வந்தார். கை முழங்கை வரை நனைந்திருந்தது. சட்டையில் சத்தியநேசன் என்று பெயர் தைத்திருந்தது. "எங்க, காட்டுங்க" என்று குனிந்து பார்த்தார்.

"கண்ணுல ரத்தம் வருது சார். மருந்து வச்சுட்டாங்க."

"ரத்தம் இல்லங்க. இது கண்ணீரு. வெள்ளெலிக்கு ஒடம்பு நோவு வந்தா கண்ணீரு செவப்பாத்தான் வரும். மருந்தும் இல்ல, விசமும் இல்ல. எங்கயோ வலிக்குது அதுக்கு. தூக்கி அடிப்பக்கம் பாத்தீங்களா?"

"நான் தொட்டதில்ல சார்."

சத்தியநேசன் அவனை ஒரு கணம் பார்த்தார். "வளக்கறீங்க, தொட்டதில்லயா?"

"என் வீட்டம்மாவோடது."

"சரி. மொதல்ல தூக்கிப் பாருங்க. குளுரக் கூடாது, அதான் முக்கியம். ஒடம்புச் சூட்டுல வைங்க. வெந்நில சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் கரைச்சு, இங்க் பில்லர்ல எடுத்து வாயோரமா ஒரு ஒரு சொட்டா விடுங்க. வாய்க்குள்ள பீச்சாதீங்க, நுரையீரலுக்குப் போயிரும்." உள்ளே இருந்து ஒரு பசு கத்தியது. "கன்னு மாட்டிக்கிட்டிருக்கு, நான் போறேன்" என்று ஓடினார்.

மருந்து இல்லை, விஷம் இல்லை. அப்படியென்றால் வேல்சாமி அண்ணாச்சியிடம் காலையில் பேசியது என்ன? அதை யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே பூட்டிக் கிடந்த கடை ஒன்றின் படியில் உட்கார்ந்து, கூண்டின் கதவைத் திறந்தான். கையை உள்ளே விட்டான், வெளியே எடுத்தான், மறுபடி விட்டான். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு எடுத்தே விட்டான்.

எவ்வளவு லேசாக இருந்தது! ஒரு கைப்பிடி வெதுவெதுப்பு, அதற்குள் ஒரு துடிப்பு. அவ்வளவுதான். இதற்கா இரண்டு மாதம் பயந்தான்? மெதுவாகத் திருப்பினான். வலது பின்னங்கால் கத்தரிப் பூ நிறத்தில் உப்பிப் போயிருந்தது. கணுக்காலுக்குக் கீழே நகங்கள் கறுத்திருந்தன. காலோடு காஸ் துணியின் ஒரு இழை தொங்கியது.

அந்த இழையை அவன் பார்த்த பார்வை தொழில்காரனின் பார்வை. வெளுத்த நூல். மெல்லிசு. துணியின் ஓரத்தைக் கத்தரித்தால் இழை பிரியும் என்பது அவனுக்குத் தெரியாதா? பேக்கிங் மேசையில் தினம் நூறு தடவை சொல்வான்: "ஏம்மா, ஓர நூல எடுத்துட்டு மடிங்க, காயத்துல ஒட்டிக்கும்." எலி அதற்குள் சுழன்று சுழன்று படுத்திருக்கிறது. பிரிந்த இழை காலில் மாட்டி, சுற்றச் சுற்ற இறுகியிருக்கிறது. மூன்று நாளாக. அது வலியில் கிடந்தபோதெல்லாம் அவன், மெத்தையில் சுகமாகத் தூங்குகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

தொங்கிய நுனியைப் பிடித்து இழுத்தான். எலி கீச்சென்று கத்தியது. சுருக்கு இன்னும் உள்ளே போனது. சட்டென்று விட்டுவிட்டான். நூல் வீக்கத்துக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. கத்தரி போட்டால் காலே போய்விடும். மறுபடி ஆஸ்பத்திரிக்குள் போகலாமா? அங்கே கன்று மாட்டிக்கொண்டிருக்கிறது, நாய்கள் நிற்கின்றன. கம்பெனிக்குப் போகலாமா? காய்ச்சல் என்று சொல்லியாயிற்று.

நுனி தொலைந்த நூலைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருக்கிற ஒருத்தியை அவனுக்குத் தெரியும். ஸ்பின்னிங் மில்லில், கூம்புக் கட்டையான கோனில் நூல் சுற்றும் பிரிவில் பதினெட்டு வருஷம். கோனில் அறுந்த இழை எங்கே புதைந்தது என்று நகத்தால் ஒரு தடவு தடவி எடுத்துவிடுவாள் என்று பஸ்ஸில் எல்லாரும் சொல்வார்கள். பெயர் வெள்ளைத்தாய். வேல்சாமியின் மனைவி.

காலை ஷிப்ட் முடிந்து மில் சங்கு ஊதப் பகல் இரண்டு மணி ஆகும். அது வரை கண்ணபிரான் மில் வாசலுக்கு எதிரே நடந்த நடைக்குக் கணக்கில்லை. எலியைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். டீக்கடையில் வெந்நீரும் சீனியும் உப்பும் வாங்கினான். இங்க் பில்லருக்கு எங்கே போக? துண்டின் நுனியை நனைத்து வாயோரத்தில் வைத்தான். நாலு முறைக்கு ஒரு முறை நாக்கு வந்து தொட்டுவிட்டுப் போயிற்று. தூறல் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. கடைக்காரர், "தம்பி, ஒரு எடத்துல நில்லும், எனக்குத் தலை சுத்துது" என்றார்.

சங்கு ஊதியது. தலையில் பஞ்சுத் தூசியோடு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். வெள்ளைத்தாய் அவனைப் பார்த்ததும் பதறினாள். "என்ன தம்பி, வீட்ல யாருக்கும் எதுவுமா?"

"இல்ல மதினி. ஒரு ஒதவி வேணும். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிர்றேன். பொறவு நீங்க செய்றதும் செய்யாததும் ஒங்க பிரியம்." ஒரே மூச்சில் சொன்னான். "காலைல அண்ணாச்சியக் கொலகாரருன்னு பேசிட்டேன். எங்க எலிக்கு மருந்து வச்சாருன்னு தெருவுல நின்னு கத்திட்டேன். அவரு வைக்கல. எல்லாம் நான் பண்ணுனது."

வெள்ளைத்தாய் இடுப்பில் கை வைத்து நின்றாள். "எவரு, எங்க வீட்டுக்காரரா? கொசு கடிச்சாலே என்னய எழுப்பி அடிக்கச் சொல்ற மனுசன். அவரு ஒம்ம எலியக் கொல்லப் போறாராக்கும்! மூட்டைக்கு அடில மருந்து வச்சதே நாந்தான். வச்சது நான், குழாயடில பீத்திக்கிட்டது அவரு."

"தப்புதான் மதினி."

"தப்புதான்னா? அவிய மத்தியானம் சோறு தின்னிருக்க மாட்டாக. யாராவது ஒரு சொல்லு சொல்லிட்டா அன்னிக்கு முழுக்கப் பட்டினிதான்." கூட வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களாட்டி இந்த அநியாயத்த?" பிறகு கையை நீட்டினாள். "சரி, எங்க அந்தச் சீமாட்டி? எடும்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். எலியை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள் குனிந்தார்கள்.

"ஏ சீனியம்மா, வெளிச்சத்த மறைக்காத."

"எலிக்கு ஆப்ரேசன் பாக்க டிக்கெட்டு எம்புட்டுக்கா?" என்றாள் சீனியம்மாள்.

"ஒன் நாக்க அறுத்துக் குடு, அதான் டிக்கெட்டு. இந்தா, தேங்கெண்ணெ இருந்தா ரெண்டு சொட்டு வாங்கியா."

வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவி எண்ணெய் தடவினாள். பெருவிரல் நகத்தை வீக்கத்தின் மேல் வைத்து, கண்ணை எங்கோ மில் புகைபோக்கியில் வைத்துக்கொண்டு, மெல்ல நகர்த்தினாள். பார்க்கவே இல்லை. பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது என்பதுபோல.

"இழுத்தீரா?"

"கொஞ்சம் இழுத்தேன் மதினி."

"பேண்டேஜ் கம்பெனில என்னத்தத்தான் வேல பாக்கீரோ! இழுத்தா இறுகும். நடுவுல ஒரு சுத்த அறுத்தாப் போதும், மிச்சம் தன்னால விடும்." நகம் ஓரிடத்தில் நின்றது. "இங்கன இருக்கு."

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் வளைந்த பக்கத்தால் தோலுக்கும் நூலுக்கும் நடுவில் நெம்பினாள். எலி அலறியது. திரும்பி, கண்ணபிரானின் கட்டைவிரலில் பல்லைப் பதித்தது. எலும்பு வரை இறங்கியதுபோல இருந்தது. அவன் கையை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அறுங்க மதினி, அறுங்க" என்றான்.

நூல் அறுக்க அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த அரை பிளேடின் நுனி ஒரு முறை அசைந்தது. இழை நெகிழ்ந்தது. ஊக்கால் சுற்றுச் சுற்றாக எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். அவ்வளவு சின்னக் காலில் அவ்வளவு நூலா என்று எல்லாரும் வாயடைத்துப் பார்த்தார்கள். மெல்ல, கணுக்காலுக்குக் கீழே இளஞ்சிவப்பு இறங்கியது. இரண்டு விரல்கள் மட்டும் கறுப்பாகவே நின்றன.

"அந்த ரெண்டும் போயிரும். காலு தப்பிச்சா பெருமாளு புண்ணியம்" என்று வெள்ளைத்தாய் எழுந்தாள். "வாரும், பஸ்ஸு வருது. வந்து எங்க வீட்டுக்காரரச் சோறு தின்ன வையும்."

அது எலியைப் பிழைக்க வைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வேல்சாமி ஈசிச்சேரில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண்ணபிரான் படிக்குக் கீழேயே நின்று, நடந்ததை எல்லாம் சொல்லி, "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றான். அவர் ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தார். விரலில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"கடிச்சிருச்சா?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு, "ஏ வெள்ளைத்தாயி, சோத்தப் போடு" என்றார்.

வீட்டில் சாரங்கபாணி ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி வைத்தார். பழைய பேனாப் பெட்டியைக் குடைந்து ஒரு பில்லரும் எடுத்துத் தந்தார். சொட்டுச் சொட்டாக இனிப்புத் தண்ணீர் இறங்கியது. கண்ணபிரான் கூண்டில் இருந்த காஸ் முழுவதையும் அள்ளி அடுப்பில் போட்டான். செய்தித்தாளைக் கிழித்துப் பரப்பினான். ஒரு இழைகூட மிச்சமில்லை. பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது.

சாரங்கபாணி அதைக் கவனித்தார். "கூண்டுக் கம்பில கால் மாட்டிக்கிட்டுன்னு சொல்லிரு. பொய்யில பாதி நெசம். கம்பி துருப்பிடிச்சுத்தான் கெடக்கு. எதுக்குலே இருக்குற கொஞ்சநஞ்சப் பேச்சையும் கெடுத்துக்கிடுத?"

அந்தப் பொய் அவனுக்கும் பிடித்திருந்தது. எந்தப் பக்கம் புரட்டினாலும் ஓட்டை தெரியவில்லை. அதுவும் இல்லாமல், அவள் கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மறுபடி "சரி", "ம்" என்று பழையபடி போய்விட்டால்? மிச்ச ஆயுள் முழுக்கக் கதவுக்கு வெளியே நின்று கேட்பதா?

ஆறு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். பாட்டில் ஆறிக்கொண்டிருந்தது. உடம்புச் சூட்டில் வைக்கச் சொன்னார்களே என்று எலியைத் துண்டோடு சட்டைக்குள் வைத்து, மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டான். வண்டி நாற்பது நிமிஷம் தாமதம் என்று பலகையில் எழுதியிருந்தது. நெஞ்சில் கையை வைத்தபடி பிளாட்பாரத்தின் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்தான். கூண்டுக் கம்பி. கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. காலையில் பார்த்தேன், மாட்டிக்கொண்டிருந்தது.

"சார், நெஞ்சு வலியா?" என்று போர்ட்டர் கேட்டார்.

"இல்லப்பா, எலி."

போர்ட்டர் அதற்கு மேல் கேட்கவில்லை.

வண்டி வந்தது. மூன்றாவது பெட்டியில் இருந்து அரவிந்தவல்லி பையோடு இறங்கினாள். தலையில் வாடிய மல்லிகை. அவனைப் பார்த்துச் சிரிக்கப் போனவள், முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"பதினேழு எப்டி இருக்கு?"

"சட்டைக்குள்ள இருக்கு" என்றான்.

அவள் பையைக் கீழே போட்டாள். அத்தனை பேர் நடமாடும் பிளாட்பாரத்தில், புருஷனின் சட்டைப் பொத்தானை இரண்டைத் தானே கழற்றி, உள்ளே கையை விட்டாள். போர்ட்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எலியை வெளியே எடுத்து, கம்பத்து விளக்குக்குக் கீழே கொண்டுபோய், மூக்கைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், முதுகுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். பின்னங்காலுக்கு வந்ததும் அவள் கை நின்றது.

"கூண்டுக் கம்பில மாட்டிக்கிச்சா?"

அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும். கண்ணபிரான் தலையை ஆட்டத்தான் நினைத்தான்.

"இல்ல. நான்தான். பேப்பர எடுத்துட்டுக் கம்பெனி காஸ் துணியப் போட்டேன். இழை பிரிஞ்சு கால்ல சுத்திருச்சு. மூணு நாளா நான் பாக்கல."

அவள் எலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ஜின் ஊதியது, பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கடைசிப் பெட்டியும் போன பிறகு நிமிர்ந்தாள்.

"என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"பேப்பர்..."

"பேப்பர்! வேற என்ன சொன்னேன்?"

"வேற ஒண்ணும் பண்ண வேணாம்னு."

"அப்பறம் எதுக்குங்க பண்ணுனீங்க? ஏங்க, கொஞ்சமாச்சும் புத்தி இருக்கா ஒங்களுக்கு? பேண்டேஜ் கம்பெனில வேல பாத்தா வீட்ல இருக்குற எல்லாத்துக்கும் கட்டுப் போட்டுருவீங்களா? நாளைக்கு நான் தும்முனா என்னயச் சுத்தி வச்சுருவீங்களா?"

"மெத்துன்னு இருக்குமேன்னு..."

"மெத்துன்னா! அது கேட்டுச்சா ஒங்ககிட்ட மெத்தை? நான் கேட்டேனா?" குரல் பிளாட்பாரத்தின் அந்தக் கடைசி வரை போயிற்று. முறுக்கு விற்கிற அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். அரவிந்தவல்லியின் கண்ணில் நீர் முட்டி நின்றது, ஆனால் வாய் நிற்கவில்லை. "யாரு நூல எடுத்தா? எப்ப எடுத்தீங்க? தண்ணி குடிச்சுச்சா? எத்தன சொட்டு? எண்ணலயா? எண்ண வேணாமா?"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். மாட்டாஸ்பத்திரி, நாய்கள், மில் வாசல், வெள்ளைத்தாய், வேல்சாமியின் பட்டினி. வேல்சாமியைப் பேசியதைச் சொன்னபோது, "அய்யய்ய, அவரையா? அவரு தெனம் சன்னல் வழியா இதுக்குக் கடல குடுப்பாருங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

குதிரை வண்டியில் ஏறிய பிறகும் தொடர்ந்தது. வண்டிக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, பாவம் என்று குதிரையை மெதுவாகவே ஓட்டினார். கடைத்தெருவைக் கடந்தபோது, இந்தக் குளிர் காற்றில் வெறும் துண்டோடு எடுத்து வந்ததற்குத் திட்டு. தேரடி தாண்டியபோது, அடுப்பில் காஸ் துணியைப் போட்டு வீடெல்லாம் புகையாக்கியிருப்பான் என்று திட்டு. நடுவில் ஒரு முறை எலி அவள் மடியில் நடுங்கியது. அவள் பேச்சை நிறுத்திக் கவனித்தாள்.

"என் கை சில்லுன்னு இருக்கு. ஒங்க சூட்டுக்கே பழகிருச்சு. இந்தாங்க, உள்ள வைங்க."

கண்ணபிரான் பொத்தானைக் கழற்றினான். அவள் அவன் கட்டைவிரலைப் பிடித்துத் தெருவிளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இது என்ன?"

"கடிச்சிருச்சு."

"எப்ப?"

"நூல் அறுக்கும்போது."

"கழுவுனீங்களா?"

"இல்ல."

"இல்லயா!" என்றாள் அரவிந்தவல்லி. அதற்குப் பிறகு அவள் திட்ட ஆரம்பித்தது வீட்டு வாசலில் வண்டி நின்றபோதும் முடியவில்லை. சாரங்கபாணி விளக்கோடு வெளியே வந்தவர், யாருடைய குரல் என்று புரியாமல் ஒரு நிமிஷம் இருட்டில் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.